வீட்டு விருந்தும் வீதிக் கடையும்

தூத்துக்குடிக்கு வரும் உறவினரிடம் எங்கள் ஊரார் கேட்கும் முதற்கேள்வி "எப்ப வந்தீங்க?" என்பது. அதற்கு விடை வருமுன்னரே "சாப்பிட்டாச்சா?" என்ற இரண்டாம் கேள்வி வந்துவிடும். சாப்பிட்டாயிற்று என்று எத்தனை முறை சொன்னாலும் எவரும் நம்புவதில்லை. அடுப்பில் ஏதாவது ஏறிவிடும். அல்லது வீட்டுப் பையன் ஒருவன் தூக்குச்சட்டியோடு கடைக்கு ஓடுவான். இந்த இரண்டு வழிகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அது ஒன்பதாம் அதிகாரம் என்பதைத் தோழியர் யாவரும் அறிவர். ஆனால் விருந்தை ஓம்புகிறவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்கு உண்டார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் ஊரில் விருந்துக்குரிய நாள் பனிமய மாதா திருவிழா. ஆண்டுதோறும் சூலை 26-ஆம் நாள் பேராலயத்தில் கொடியேறும்; ஆகஸ்டு 5-ஆம் நாள் பெருவிழா. அந்தப் பதினொரு நாளும் வீடுகளில் பாய்கள் சுருட்டப்படுவதேயில்லை. மும்பையிலிருந்து சித்தப்பா குடும்பம் வரும். மணப்பாட்டிலிருந்து பெரியம்மா வருவார். யாருக்கு எந்த முறையில் சொந்தம் என்று தெரியாத ஒரு மாமாவும் தவறாமல் வருவார். அவர்தாம் எல்லாரையும்விட நன்றாகச் சாப்பிடுவார்.

முதல் நாள் இரவே மீன் குழம்பு வைத்துவிடுவார்கள். இதற்குக் காரணம் உண்டு. மிளகாய், மல்லி, தேங்காய், சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்துப் புளிக்கரைசலில் கரைத்து, மண்சட்டியில் நன்கு கொதித்து வாசனை மாறிய பின்னரே விளமீன் துண்டுகளையோ பாறைத் துண்டுகளையோ இட வேண்டும். இட்டபின் கரண்டி கூடாது. துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். மீன் வேகும் நேரம் மிகக் குறைவு. ஆகையால் அப்போது குழம்பின் சாரம் அதன் மேற்புறத்தோடு நின்றுவிடுகிறது. இரவெல்லாம் ஊறும்போதுதான் உப்பும் உறைப்பும் உள்ளே இறங்குகின்றன. புளிப்பு மீன் சதையை இறுக்கி, விரைவில் கெடாதபடியும் காக்கிறது. 'பழைய மீன் குழம்பு' என்று நாக்கைச் சப்புக் கொட்டுகிறோமே, அதன் இரகசியம் இவ்வளவே.

பிரியாணிக்கு எங்கள் வீடுகளில் சீரகச் சம்பா. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி, பத்துப் பேருக்குக் காணும் என்பது பெரியவர்கள் கணக்கு. (மேற்சொன்ன மாமா வந்தால் எட்டுப் பேர் என்று கொள்க.) அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, உலையின் உப்பு நாக்கில் ஒரு படி தூக்கலாகத் தெரிகிறதா என்று பார்த்தபின் போட வேண்டும்; அரிசி உப்பை இழுத்துக்கொண்டு சமனாகிவிடும். இதை எந்தப் புத்தகத்திலும் நாங்கள் படிக்கவில்லை. அம்மாவின் கரண்டியிலிருந்து எங்கள் உள்ளங்கையில் விழுந்த சொட்டுகளால் கற்றுக்கொண்டோம்.

மிளகாய் இல்லாத குழம்பை நினைத்துப் பார்க்க முடியுமா? எனினும் அது நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அக்காலத்தில், நம் முன்னோரின் குழம்புக்கு உறைப்பு முதன்மையாக மிளகிலிருந்து கிடைத்தது. முந்திரியும் அவ்வாறே பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கீசியரால் கொண்டுவரப்பட்டது. அந்த முந்திரியில்தான் எங்கள் ஊரின் பெயர்பெற்ற மக்ரூன் இருக்கிறது.

ஐரோப்பாவில் மக்ரூனைப் பெரும்பாலும் பாதாம் பருப்பில் செய்வர். எங்கள் ஊர்ப் பேக்கரிகளில் முந்திரித் தூள். முட்டையின் வெள்ளைக் கருவைச் சர்க்கரையுடன் அடிக்க அடிக்க அது வெண்மேகம்போல் பொங்குகிறது. வெள்ளைக் கருவிலுள்ள புரதம் வலைபோல் விரிந்து காற்றைப் பிடித்துக்கொள்வதே காரணம். சிறிது மஞ்சள் கரு கலந்தாலும் அதன் கொழுப்பு வலையைக் கெடுத்துவிடும்; எவ்வளவு அடித்தாலும் சரியாகப் பொங்காது. பொங்கியதில் முந்திரித் தூளை மெல்லக் கலந்து, காகிதக் கூம்பில் இட்டுச் சிறு கோபுரங்களாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் இரவு முழுவதும் அடுப்பில் விட்டுவிடுவார்கள். அது வேகிறது என்பதைவிட உலர்கிறது என்பதே பொருந்தும். வாயிலிட்டால் முதலில் நொறுங்கும், பிறகு கரையும், கடைசியில் முந்திரி மட்டும் பல்லில் நிற்கும். விருந்து முடிந்து ஊர் திரும்பும் எவரும் மக்ரூன் பொட்டலம் இல்லாமல் புகைவண்டி ஏறுவதில்லை.

இனி வீதிக்கு வருவோம். எங்கள் ஊரில் மாலையானதும் 'நைட் கிளப்'புகள் திறக்கும். வேற்று மாநிலத்துச் சிஸ்டர்கள் முதன்முறை இதைக் கேட்டால் சிலுவை வரைந்துகொள்வர். அஞ்ச வேண்டியதில்லை. தூத்துக்குடியில் நைட் கிளப் என்பது இரவு நேரப் பரோட்டாக் கடை. அங்கே ஆட்டம் உண்டென்றால் அது மாஸ்டர் கையிலுள்ள மாவுக்கு மட்டுமே.

பரோட்டாவின் அடுக்குகள் எவ்வாறு உண்டாகின்றன? மைதா மாவைப் பிசையும்போது அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் இழைகளாகப் பின்னிக்கொள்கிறது. பிசைந்தவுடனே இழுத்தால் மாவு சுருங்கி அடம்பிடிக்கும். எண்ணெய் தடவி, ஈரத்துணி மூடிச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால் இழைகள் தளர்ந்து, கிழியாமல் கண்ணாடிபோல் விரியும். மாஸ்டர் அதைப் பலகையில் அறைந்து வீசி, மெல்லிய துணிபோலாக்கி, கொசுவம்போல் மடித்துச் சுருட்டி வைக்கிறார். மடிப்புக்கு மடிப்பு எண்ணெய் இருப்பதால் அவை ஒட்டுவதில்லை. கல்லில் வெந்ததும் நாலைந்தை அடுக்கி இருபுறமும் கைகளால் அடிக்கிறாரே, அப்போது அடுக்குகள் பிரிந்து பஞ்சுபோலாகின்றன. வாழையிலையில் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி, "இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டை வைத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் நாங்கள் கடைக்கு வெளியே, அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றே கவனித்தோம். எங்கள் வயதுத் தம்பிமாரும் அண்ணன்மாரும் பெஞ்சில் உட்கார்ந்து உண்கிறார்கள். பெண்களாகிய எங்களுக்குப் பார்சல். கடைக்காரர் எவரும் வரக்கூடாது என்று சொன்னதில்லை. வீட்டிலும் அப்படி ஒரு சட்டம் எழுதப்படவில்லை. ஆயினும் தெருவோரப் பெஞ்சிலும் டீக்கடை வாசலிலும் பெண்பிள்ளைகள் இருப்பது அபூர்வம். இதனால் கெடுவது எங்கள் பெருமை மட்டுமன்று, பரோட்டாவும்தான். இலையில் கட்டிய பரோட்டாவின் ஆவி வெளியேற வழியின்றித் திரும்ப அதன்மேலேயே நீராகப் படிகிறது. வீடு வந்து சேரும்போது அடுக்குகள் ஒட்டி, சவ்வாகிவிடும். கல்லிலிருந்து இறங்கிய பரோட்டா வேறு, நாங்கள் அறிந்த பரோட்டா வேறு. திருவிழா நாள்களில் மட்டும் பேராலயத்தைச் சுற்றியுள்ள கடைகளில் அம்மாமாரும் அக்காமாரும் நின்றபடியே உண்பதைக் காணலாம். அப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. பதினொரு நாள் குற்றமில்லாத ஒன்று பன்னிரண்டாம் நாள் எப்படிக் கூச்சமாகிறது என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

பருகுபவற்றில் எங்களுக்கு இவ்வளவு தடையில்லை. கோடையில் தெருமுனையில் பதநீர் கிடைக்கும். பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் பெருகுவதில்லை. ஆகவே சாறு புளிக்காமல் பதநீராகவே இருக்கிறது. சுண்ணாம்பு தடவாவிடில் அதுவே கள். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. எங்கள் மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. ஒரு நாளைக்குக் காலையும் மாலையும் மரமேறும் பனைத் தொழிலாளரின் உழைப்பு அந்தக் கறுப்பு வட்டில் இருக்கிறது. அதைப் போட்ட சுக்குக் காபிதான் மழைக்கால விருந்தினருக்கு எங்கள் பாட்டிமார் தருவது.

கடையில் வாங்கும் குளிர்பானத்துக்கு இங்கே 'கலர்' என்று பெயர். "கலர் குடிக்கிறீங்களா?" என்றால் சாயத்தைக் குடிக்கச் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பானங்களை அப்பாமார் இன்றும் விருந்துக்குக் கேட்டு வாங்குகிறார்கள். கோலி சோடாவின் புட்டியோ ஒரு விஞ்ஞானப் பாடம். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடி வைக்கிறது. மூடியும் இல்லை, தக்கையும் இல்லை. விரலால் அழுத்தியதும் வாயு சீறி வெளியேற, கோலி கீழே விழுகிறது.

மீண்டும் விருந்து வீட்டுக்கே வருகிறோம். பெருவிழா அன்று அதிகாலைப் பூசைக்குப் போவதற்கு முன்பே அம்மா வெங்காயம் உரித்து வைத்திருப்பார். முதல் பந்தி ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும். இரண்டாம் பந்தி வந்த பெண்களுக்கு. மூன்றாவது பந்தி என்று ஒன்று இல்லை. அம்மாவும் மாமியும் மதினியும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, அடியில் ஒட்டியதையும் எலும்பையும் வழித்துச் சாப்பிடும்போது மணி நாலாகியிருக்கும். கடையிலே நால்வர் உண்டால் இத்தனை ரூபாய் என்று அப்பா உடனே சொல்கிறார். வீட்டிலே இருபது பேர் உண்டதற்கு அரிசி, கறி விலை சொல்கிறார். கைவேலைக்கு விலை சொல்வதில்லை. கடையில் மாஸ்டருக்குச் சம்பளம் உண்டு, வேலை முடியும் நேரமும் உண்டு.

நற்செய்தியில் புனித லூக்கா எழுதிய மார்த்தா, மரியா நிகழ்ச்சி நமக்குத் தெரிந்ததே. மார்த்தா முறையிட்டபோது ஆண்டவர் மரியாவின் பக்கம் பேசினார். ஆனால் அன்று சாப்பாடு என்னவாயிற்று என்று மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் கேட்டோம். சிஸ்டர் சிரித்துவிட்டு, "எல்லாருமாகச் சேர்ந்து சமைத்திருந்தால் மார்த்தாவும் உட்கார்ந்திருப்பாளே" என்றார்கள். சமையல் செய்வோரின் பாதுகாவலியான மார்த்தாவின் திருநாள் சூலை 29. எங்கள் மாதா திருவிழாவின் நான்காம் நாளில் அது வருகிறது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை மார்த்தா, மரியா, லாசர் மூவருக்கும் ஒரே திருநாளாக்கினார்.

எங்கள் வகுப்பில் சில வீடுகளில் விருந்து முறை சிறிது மாறிவிட்டது. மீன் குழம்பு முதல் நாளே தயார். பரோட்டாவும் சால்னாவும் நைட் கிளப்பிலிருந்து வரும். 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் சால்னாவுக்குத் தூக்குச்சட்டி கட்டாயம். பரோட்டாவைக் கட்டாமல், அகன்ற பாத்திரத்தில் மூடியைச் சற்றே திறந்து வைத்துக் கொண்டுவரச் சொன்னால் ஆவி தங்காமல் அடுக்குகள் பிழைக்கும். வீட்டில் பிரியாணியும் தயிர்ப் பச்சடியும் மட்டும். இலை போடுவது, தண்ணீர் வைப்பது, எச்சில் இலை எடுப்பது யாவும் அண்ணன்மார் பொறுப்பு. முதலிரு ஆண்டுகள் அவர்கள் ரசத்தைப் பச்சடியின்மேல் ஊற்றினார்கள், இப்போது தேறிவிட்டார்கள். அம்மாவின் இலை முதல் பந்தியில், மும்பைச் சித்திக்குப் பக்கத்தில் விரிகிறது. அம்மாதான் இன்னும் இரண்டு வாய்க்கு ஒருமுறை எழுந்து அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்.