பனிக்கால வேட்டையும் பாயிண்ட் டூ டூ துப்பாக்கியும்

மின்னசோட்டா, அலாஸ்கா முதலிய அமெரிக்க வட மாநிலங்களில், ஜனவரி மாதத்து விடியற்காலையில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கும் வேளையிலும், முயல் வேட்டைக்கென்று தோளில் ஒரு சிறு துப்பாக்கியை மாட்டிக்கொண்டு தகப்பனும் பிள்ளையும் பனியில் கால் புதைய நடந்து போவது அந்தப் பிரதேசத்தாருக்குப் பழகிய காட்சியாகும். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 1887-ம் ஆண்டில் தோன்றிய பாயிண்ட் டூ டூ தோட்டாவைச் சுடுவது; ரூகர் நிறுவனம் 1964-ல் வெளியிட்ட 10/22 போன்ற அரைத் தானியங்கி வகையைச் சேர்ந்தது. கோடைகாலம் முழுதும் ஒரு தடங்கலும் இன்றிச் சுட்ட அதே ஆயுதம், கடுங்குளிரில் நாலு தோட்டாவுக்கு ஒரு முறை சிக்கிக்கொண்டு நிற்கிறபோது, விறைத்த விரல்களும் பொறுமையிழந்த மனமும் அதைப் பலவந்தமாக இயக்கத் தூண்டுகின்றன. அபாயம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

காரணத்தை அறிந்துகொண்டால் பலவந்தத்துக்கு அவசியம் இராது. இந்த வகைத் துப்பாக்கியில், தோட்டா வெடித்தவுடன் வெற்றுக்கூடு பின்னோக்கித் தள்ளுகிற விசை ஒன்றே தோட்டா அறையை அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்னுக்கு ஓட்டி, கூட்டை வெளியே எறிந்து, சுருள்வில்லின் உதவியால் அடுத்த தோட்டாவை அறைக்குள் செலுத்துகிறது. 2.6 கிராம் எடையுள்ள ரவையை நொடிக்குச் சுமார் 370 மீட்டர் வேகத்தில் அனுப்பும் இந்தத் தோட்டாவின் மொத்தச் சக்தி, ராணுவ ரைபிள் தோட்டாவின் சக்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இத்தனை அற்பமான சக்தியை நம்பி நடக்கும் இயந்திரத்தில், குளிரினால் பசையாகிப்போன எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் அது பெரிய தடையாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, வெடிமருந்தின் எரிவேகமும் குளிரில் குறைகிறது. ரவையின்மேல் பூசியிருக்கும் மெழுகு இறுகித் தோட்டா அறையின் வாயில் படிகிறது. தோட்டாவின் விளிம்பை நசுக்கி அதற்குள் இருக்கும் தீ மருந்தைப் பற்றவைக்க வேண்டிய ஊசியோ, மந்தமாக நகர்ந்து அரைகுறையாக அடிக்கிறது.

ஆகவே பரிகாரம் பெரும்பாலும் சுத்தத்தில் அடங்கியிருக்கிறது. பழைய எண்ணெயையும் கிரீஸையும் கரைப்பானால் முற்றிலும் நீக்கி, கிராஃபைட் போன்ற உலர்ந்த மசகையோ, கடுங்குளிருக்கென்றே தயாரித்த மெல்லிய எண்ணெயையோ, துடைத்தெடுத்தபின் மிஞ்சுகிற அளவு மட்டும் இட வேண்டும். தோட்டா அறையையும் போல்ட்டின் முகத்தையும் தேய்த்துத் துடைக்க வேண்டும். மெதுவேகத் தோட்டாக்களை விட்டு, அதிவேக ரகத்தைக் கொள்ளுவது உத்தமம். பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பயாத்லான் போட்டியில் 1978 முதல் இந்தச் சிறு தோட்டாவே பயன்பட்டு வருகிறது. ஆனால் அங்கே அரைத் தானியங்கிகளுக்கு அனுமதி கிடையாது, வீரர்கள் கையாலேயே போல்ட்டை இழுத்துச் சுடுகிறார்கள், பின்லாந்தின் லாபுவா நிறுவனம் அவர்களுக்கென்றே குளிர்காலத் தோட்டாவைத் தனியாகத் தயாரிக்கிறது. தேர்ந்த கைகளே இவ்வளவு முன்னேற்பாடு செய்கிறபோது, வருஷத்தில் நாலு நாள் காட்டுக்குப் போகிறவர் அலட்சியமாயிருப்பது எனக்குச் சற்றும் சம்மதமில்லை.

அபாயங்களில் முக்கியமான ஒன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லையானால், அது பொய்த்துப்போன தோட்டா என்று உடனே முடிவு கட்டக் கூடாது. உள்ளே தீ மெல்லப் பற்றிக்கொண்டிருந்து சில விநாடிகளுக்குப் பின் வெடிப்பதும் உண்டு. குழலை ஆபத்தில்லாத திசையில் நிறுத்தி, 30 விநாடி அசையாமல் காத்திருந்து, பிறகே தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். வழக்கமான ஓசைக்குப் பதிலாக 'பொத்' என்று ஈனமான சத்தம் கேட்டால் ரவை குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுடுவது குழலைப் பிளந்துவிடும். குழல் வாயில் புகுந்து உறைந்த பனியும் இதே அனர்த்தத்தைச் செய்யவல்லது. போல்ட் முழுதும் மூடாத நிலையில் தோட்டா வெடித்தால் பித்தளைக் கூடு கிழிந்து முகத்தை நோக்கிச் சிதறும் என்பதால், கண்ணாடி அணியாமல் சுடவே கூடாது. கனத்த கையுறை விசையில் பட்டதே விரலுக்குத் தெரியாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். குளிரிலிருந்து வெப்பமான வீட்டுக்குள் திடீரென்று கொண்டுவந்த துப்பாக்கியின் உள்ளே நீர் பூக்கும். துடைக்காமல் மறுநாள் வெளியே எடுத்தால் அந்த நீரே பனிக்கட்டியாகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும்.

இனி துப்பாக்கி வாங்கியவரின் உரிமைகளைப் பற்றிப் பேசுவோம். ஒரு விளையாட்டுப் பொம்மையோ ரொட்டி சுடும் இயந்திரமோ பழுதுள்ளதாயிருந்தால் அதைத் திரும்பப் பெறுமாறு கட்டளையிட அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் உண்டு. ஆனால் துப்பாக்கியையும் தோட்டாவையும் அந்த ஆணையத்தின் அதிகாரத்துக்கு வெளியே வைத்து 1976-லேயே காங்கிரஸ் சட்டம் செய்துவிட்டது. ஆகையால் பழுதான சரக்கைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளர் தாமாக முன்வந்து செய்கிற காரியமாகவே இருந்துவருகிறது. இது பெரிய குறை என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். ஆயினும் வாங்கியவர் நிராதரவாக நிற்கவில்லை. எழுத்து மூலம் உத்தரவாதம் தந்த நிறுவனம், சட்டம் தானே அளிக்கும் உத்தரவாதத்தை முற்றிலும் மறுத்துவிட முடியாதபடி 1975-ம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் சட்டம் தடுக்கிறது. துப்பாக்கித் தொழிலுக்கு விரிந்த பாதுகாப்பு அளித்த 2005-ம் ஆண்டுச் சட்டமும், முறைப்படி உபயோகிக்கையில் உற்பத்திக் குறையால் நேர்ந்த காயத்துக்கு வழக்குத் தொடரும் வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. பழுதான துப்பாக்கியை அதைச் செய்த நிறுவனத்துக்கே நேரே அனுப்பிச் செப்பனிட்டுப் பெறவும் மத்தியச் சட்டம் இடங்கொடுக்கிறது. தோட்டாவை மட்டும் தபாலில் அனுப்பக் கூடாது.

வேட்டை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பென்சில்வேனியாவில் சிறு பிராணி வேட்டைக்கு அரைத் தானியங்கி ரைபிளை 2017-ல்தான் அனுமதித்தார்கள். புறப்படுமுன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

துப்பாக்கி தகராறு செய்தால் சுடுவதை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பொய்த்த தோட்டாக்களையும் கிழிந்த கூடுகளையும் சான்றாகப் பத்திரப்படுத்துங்கள். தேதியையும் குளிரின் அளவையும் குறித்து வையுங்கள். தோட்டாப் பெட்டியை ஒருபோதும் எறிந்துவிடாதீர்கள். தயாரிப்புத் தொகுதியின் எண் அதில்தான் அச்சிடப்பட்டிருக்கிறது.