சின்ன டி.வி.யா, பெரிய டி.வி.யா?

தீபாவளி போனஸ் கைக்கு வரும் மாதமோ, ஏலச்சீட்டு விழும் மாதமோ, வீட்டில் இந்தப் பேச்சு எழாமல் இராது.

"சீரியல் பாக்கத்தானே, 32 இன்ச்சே போதும்" என்பார் மாமியார். "கேம் ஆடணும்னா 43 வேணும்மா, 4கே இருக்கணும்" என்பான் பிள்ளை. "எதை வேணா வாங்குங்க, நான் தூங்கும்போது சத்தம் வரக்கூடாது" என்பார் நைட் ஷிப்ட் முடிந்து வந்த கணவர். மூவருக்கும் நடுவில் பணத்தை எண்ணிக்கொண்டு நிற்பவர் இல்லத்தரசிதான். பெரிய டி.வி.க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடப் பீஸோ, ஒரு சின்ன நகையோ அடங்கியிருக்கிறது. எனவே சகோதரிகளே, கடைக்குக் கிளம்பும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வோம்.

அன்றும் இதே கேள்வி

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது கறுப்பு வெள்ளைப் படம்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் டி.வி. இருக்கும் வீட்டில் தெருவே கூடிவிடும். வாங்க வசதி உள்ளவர்கள் "சாலிடேரா, டயனோராவா?" என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இரண்டுமே சென்னைக் கம்பெனிகள். 1982-ல் வண்ணம் வந்தது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒண்டுக்குடித்தன வீடுகளுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் டி.வி.யைக் கொண்டு சேர்த்தது. அன்று டி.வி. இருக்கிறதா என்பது கேள்வி. இன்று, எந்த டி.வி. நம் வீட்டுக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

முதலில் டேப்பை எடுங்கள்

இன்ச் கணக்கு என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. 32 இன்ச் திரையின் அகலம் சுமார் 28 அங்குலம். 43 இன்ச் திரையின் அகலம் சுமார் 37½ அங்குலம். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பத்துக்குப் பத்து ஹால் என்பது சகஜம். அதில் கட்டில், பீரோ, தையல் மிஷின் போக மிஞ்சும் சுவர் எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, எல்லோரும் உட்காரும் இடத்திலிருந்து அந்தச் சுவர் எத்தனை அடி என்று பாருங்கள். நாலைந்து அடிதான் என்றால் 32 போதும். ஐந்தரை அடியிலிருந்து ஏழு அடி வரை இருந்தால் 43 தாராளமாகப் பொருந்தும்.

கால் படி மாவில் அண்டா கூழ்

படம் என்பது நுணுக்கமான புள்ளிகளால் ஆனது. 32 இன்ச் 'எச்.டி. ரெடி' டி.வி.யில் சுமார் பத்து லட்சம் புள்ளிகள். 4கே டி.வி.யில் சுமார் 83 லட்சம். "அப்போ 4கே-தானே நல்லது?" என்று கேட்பீர்கள். உள்ளே வரும் படத்திலும் அத்தனை புள்ளி இருந்தால் நல்லதுதான். சாதாரண கேபிள் சேனலில் வருவதோ சுமார் நாலு லட்சம் புள்ளிகள். மீதியை டி.வி. தானாக ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஆடி மாதம் கால் படி மாவைக் கரைத்து அண்டா நிறையக் கூழ் காய்ச்சினால் எப்படி இருக்கும்? பெரிய திரையில் கேபிள் படமும் அப்படித்தான் கலங்கித் தெரியும். இண்டர்நெட் வழியாகப் படம் பார்க்கும் வீட்டில்தான் 4கே-யின் அருமை தெரியும்.

இன்னொரு சங்கதி. எச்.டி. செட்டாப் பாக்ஸ் வைத்துக்கொண்டே, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஒயரில் டி.வி.யை இணைத்திருப்பவர்கள் உண்டு. அதை எடுத்துவிட்டு எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகுங்கள். சில நூறு ரூபாய்ச் செலவில் படம் பளிச்சென்று மாறும். பழைய டி.வி.யே போதும் என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம்!

பிள்ளை என்ன விளையாடுகிறான்?

இதைக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். அவன் விளையாடுவது செல்போனில்தான் என்றால், டி.வி.யை மாற்றுவதால் அவனுக்குப் பெரிய லாபம் இல்லை. செல்போன் படத்தை வயர் இல்லாமல் டி.வி.யில் காட்டும்போது படம் சற்றுத் தாமதித்தே வரும். விரலை இங்கே தட்டினால் அங்கே ஆள் குதிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்!

பர்மா பஜாரில் கிடைக்கும் பழைய வகை விளையாட்டுப் பெட்டி என்றால், அதற்கும் அந்த மூவர்ண ஒயர்தான் வேண்டும். புதிய டி.வி.க்கள் சிலவற்றில் அந்தத் துளையே கிடையாது. கையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளேஸ்டேஷன் போன்ற புதிய பெட்டி வீட்டில் இருந்தால் மட்டும் 43 இன்ச் 4கே-க்கு நியாயம் உண்டு. அப்போதும் பார்க்க வேண்டியது 'கேம் மோட்' இருக்கிறதா என்பதை. பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலுள்ள தாமதத்தை அது குறைக்கிறது. "120 ஹெர்ட்ஸ்" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால், "பேனலே 120-ஆ, இல்லே சும்மா பேரா?" என்று கேளுங்கள். மலிவு விலை டி.வி.க்களில் பெரும்பாலும் பேனல் 60 ஹெர்ட்ஸ்தான். வீட்டுப் பிள்ளைகளுக்கு அது போதும்.

கடலோர வீட்டுக்குச் சில எச்சரிக்கைகள்

காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக் காற்று. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே டி.வி.யை வைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். மின்னல் நேரத்தில் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் டி.வி.யைச் சுவரில் மாட்டுவதே உத்தமம். ஆனால் கூரையை ஒட்டி மாட்டினால் கழுத்து வலிதான் மிச்சம். உட்கார்ந்து பார்க்கும்போது கண் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும். தவழும் குழந்தை உள்ள வீட்டில், ஸ்டாண்டில் வைத்த லேசான டி.வி.யைப் பிடித்து இழுத்துவிடும் அபாயமும் இதனால் நீங்கும்.

அசோக் லேலண்டிலோ எம்.ஆர்.எப்.பிலோ துறைமுகத்திலோ ஷிப்ட் வேலை பார்ப்பவர் வீட்டில், ஹெட்போன் மாட்டும் வசதியோ புளூடூத்தோ உள்ள டி.வி. வாங்குங்கள். பகலில் தூங்குபவரின் தூக்கமும் குடும்பத்தின் ஆரோக்கியமே.

கண்ணும் நேரமும்

"டி.வி. கிட்ட உக்காராதே, கண்ணு கெட்டுடும்" என்று அதட்டுகிறோம். உண்மையில் பல சமயம் கண் ஏற்கனவே சரியாகத் தெரியாததால்தான் குழந்தை கிட்டே போகிறது. அப்படிச் செய்யும் குழந்தையை அதட்டாமல் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. வெளிச்சத்தில் ஓடியாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. பந்தும் குத்துச்சண்டையும் செழித்த வடசென்னையில் இதற்கா பஞ்சம்? கேம் ஒரு மணி என்றால் மைதானம் இரண்டு மணி என்று வீட்டில் சட்டம் போடுங்கள்.

கடையில் மறக்காமல்...

* நேரே நின்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நின்றும், குனிந்தும் பாருங்கள். நம் வீட்டில் பாதிப் பேர் பாயில்தானே உட்காருகிறோம்! நிறம் வெளிறினால் அந்த டி.வி. வேண்டாம்.
* கடையில் படம் கண்ணைப் பறிக்கும்படி வைத்திருப்பார்கள். சாதாரண வெளிச்சத்துக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.
* சர்வீஸ் சென்டர் எங்கே, பேனலுக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.
* 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.க்களின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பழைய விலையைச் சொன்னால் ஏமாறாதீர்கள்.
* மின்சாரச் செலவையும் கணக்கிடுங்கள். நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால், 50 வாட் டி.வி. 60 நாளில் 15 யூனிட் இழுக்கும். 100 வாட் டி.வி. 30 யூனிட் இழுக்கும்.

முடிவாக...

கேபிள் சேனல், சின்ன ஹால், செல்போன் விளையாட்டு என்றால் நல்ல கம்பெனி 32 இன்ச் வாங்கி, மிச்சப் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஐந்தரை அடி தூரம், வீட்டில் இண்டர்நெட், பிள்ளையிடம் நிஜமான கேம் பெட்டி, இந்த மூன்றும் இருந்தால் 43 இன்ச் 4கே வாங்குங்கள்; பணம் வீணாகாது. மூன்றில் ஒன்றுதான் இருக்கிறதென்றால் அவசரப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு டி.வி.யின் அளவு நம் வீட்டுச் சுவருக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமா என்ன?