உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் சாக்கர் பின்தங்கியது ஏன்?

வெளிநாட்டு ஆட்டம் என்பதால்தான் ஆஸ்திரேலியாவில் சாக்கர் எடுபடவில்லை என்பார்கள். சிட்னியும் பிரிஸ்பேனும் கொண்டாடும் ரக்பியும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதானே! உண்மையான காரணம், மற்ற ஆட்டங்கள் முந்திக்கொண்டு இடம் பிடித்ததுதான். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் சாக்கருக்கு விதி வகுப்பதற்கு 4 ஆண்டுகள் முன்பே, 1859-ல், மெல்பர்னில் ‘ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து’ என்ற உள்ளூர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதிவிட்டார்கள். கோடையில் கிரிக்கெட் நடக்கும் நீள்வட்டத் திடல்கள் குளிர்காலத்தில் அந்த ஆட்டத்துக்குப் போயின. காலிங்வுட் போன்ற பேட்டைகளின் பெயரிலேயே கிளப்புகள் வேரூன்றின. செவ்வகத் திடல் தேவைப்பட்ட சாக்கரை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த இத்தாலிய, கிரேக்க, குரோஷியக் குடியேறிகளின் கிளப்புகள் வளர்த்தெடுத்தன. அதற்காகவே அதை ‘அந்நியர் ஆட்டம்’ என்று ஏளனம் செய்தது பெரிய அநீதி. மற்ற ஆட்டங்களோடு மோதாமல் இருக்க, 1989-ல் சாக்கரின் தேசிய லீக் குளிர்காலத்தை விட்டுக் கோடைக்கே மாறியது.

மக்களுக்கு ஆர்வமில்லை என்ற வாதமும் நிற்காது. 2023 மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில், இங்கிலாந்துக்கு எதிராகப் பெனால்டி கட்டத்துக்கு வெகு வெளியிலிருந்து ஆஸ்திரேலியாவின் சாம் கெர் அடித்த கோலைச் சிட்னி அரங்கில் 75,784 பேர் பார்த்தார்கள். அந்தக் கூட்டம் வாராவாரம் லீக் ஆட்டங்களுக்கு வருவதில்லையே என்று கேட்டால், அது சரிதான். ஆனால் கிளப் பற்று தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருவது. இன்றைய தேசிய லீக்கான ஏ-லீக் தொடங்கியதோ 2005-ல்தான்.