வேட்புமனுவிலிருந்து காசோலை வரை

தேர்தல் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். வேட்புமனுப் படிவங்கள் கட்டாக இருக்கும், ரசீதுப் புத்தகம் இருக்கும், வாசலில் போலீஸும் நிற்கும். மனு கொடுக்க மட்டும் ஆள் வராது. கெடு முடிந்ததும் மனு ஏதும் வரவில்லை என்று எழுதிவிட்டு அவர் கிளம்பிவிடுவார். சில மாதம் கழித்து மறுபடி அறிவிப்பு வரும், மறுபடி மேசை போடுவார்கள். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்து வருஷம் இப்படிப்பட்ட கூத்துதான் நடந்தது.

காரணம் ஒன்றே ஒன்று. அந்த ஊர்களின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

1993 ஏப்ரல் 24 அன்று 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 1994-இல் ஊராட்சிகள் சட்டம் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற பங்கு என்று ஏற்பாடு. அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. உள்ளாட்சி என்றாலே நாம் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிப் பெருமைப்படுவோம். சோழர் காலத்துக் குடவோலைத் தேர்தல் முறை பெருமைக்குரியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடத்துக்குள் பெயர் விழ வேண்டுமானால் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். நிலமே இல்லாதவனின் பெயரும், அவன் வீட்டுப் பெண்ணின் பெயரும் ஊர்த் தலைமைக்கு வரலாம் என்று சட்டம் போட ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சட்டம் வந்தது. மனு எழுதுவதற்குப் பேனா எடுத்தவன் கதி என்ன? பட்டியல் சாதியினர் குடியிருக்கும் காலனிக்காரருக்குக் கூலி வேலை ஊருக்குள் இருக்கிறவர் தோட்டத்தில். ஆடு மாடு போகும் பாதை அவர் வரப்பு. அவசரத்துக்குக் கைமாற்று வாங்குவதும் அவரிடம்தான். மனுவில் கையெழுத்துப் போட்டால் மறுநாள் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, பாதையும் இல்லை. முன்மொழிய ஒரு ஆள் வேண்டுமே, அவருக்கும் இதே கதிதான். யாருக்கும் ஆசை இல்லாததால் மனு வரவில்லை என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அந்த ஊர்கள் அமைதியாக இருந்தன என்றும் எழுதினார்கள். அமைதி என்ற சொல்லை இதைவிட மோசமாகப் பயன்படுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு தந்திரம் மாறியது. ஊர்க்காரர்களே தங்களுக்குக் கட்டுப்பட்ட ஒருவரைப் பிடித்து நிற்க வைப்பார்கள். அவர் ஜெயிப்பார், பதவி ஏற்பார், ஏற்ற கையோடு ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிடுவார். காகிதத்தில் தேர்தல் நடந்துவிட்டது, நாற்காலி காலி. அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவரின் கையை நினைத்துப் பார்க்கிறேன். வாழ்நாளில் முதல்முறையாக அரசாங்கக் காகிதத்தில் தலைவர் என்று தன் பெயரைப் பார்க்கிறார், அதற்குக் கீழேயே பதவியைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறார்.

நின்றே தீருவேன் என்று நின்றவர் மேலவளவு முருகேசன். மேலவளவு மதுரை மாவட்டத்து மேலூருக்குப் பக்கத்து ஊர், அங்கும் இதே ஒதுக்கீடு. 1996 அக்டோபரில் அங்கே தேர்தல் நடக்க விடவில்லை. டிசம்பரில் வைத்தபோது வாக்குப்பெட்டி பறிபோனது. கடைசியில் போலீஸ் காவலோடு வாக்குப்பதிவு நடந்து முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரால் நிம்மதியாகக் கால் வைக்க முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பி வந்தவரையும் கூட வந்தவர்களையும் பட்டப்பகலில் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். அவர் தலையைத் துண்டித்துக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையானார்கள். ஊராட்சித் தலைவர் பதவிக்கு இங்கே ஒருவர் கொடுத்த விலை அது. அதைக் கேள்விப்பட்ட பிறகும் பாப்பாபட்டியில், கீரிப்பட்டியில் மனு கொடுக்கலாமா என்று யோசித்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது.

விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் வெளியிலிருந்து துணை நின்று போராடினார்கள், பத்திரிகைகள் எழுதின. ஆனால் வேலையும் பாதையும் போகும் என்று தெரிந்தே அந்த ஊரில் குடியிருந்தவர்கள் காலனிக்காரர்கள்.

2006-இல் பூட்டுத் திறந்தது. புதிய அரசு தேர்தலை நடத்தியே ஆக வேண்டும் என்று உறுதியாக நின்றது. அப்போது மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் இரு தரப்போடும் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பேசினார். அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் வாக்குப்பதிவு நடந்தது, தலைவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் பதவியில் இருந்தார்கள். அடுத்த மாதம் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து முதலமைச்சர் கருணாநிதி அந்த நால்வரையும் மேடையேற்றிச் சிறப்பித்தார். 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டிக்கே போய்க் கிராம சபையில் உட்கார்ந்தார். 1996-இல் இதைச் சொல்லியிருந்தால் அந்த ஊரில் எந்தத் தெருக்காரரும் நம்பியிருக்க மாட்டார்.

இன்றைக்கு நிலைமை என்ன? மனு தாக்கல் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. 2019 டிசம்பர் தேர்தலில் பெண்களுக்குப் பாதி இடம். 12,000-க்கும் அதிகமான ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் காலனியிலிருந்து ஒரு பெண் தலைவராவது அதிசயமில்லை. ஆகவே தடையும் வாசலைவிட்டு அறைக்குள் போய்விட்டது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான ஒரு பெண் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அதே வருஷம் சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகு ஆட்சியரே போய் அவரைக் கொடியேற்ற வைத்தார். 2022 சுதந்திர தினத்துக்கு முன்னால், பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரத்தின் எழுபத்தைந்து வருஷம் முடிகிற நேரத்தில், கொடிக்கயிற்றைப் பிடிக்க விடுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை.

நாற்காலியும் கொடியும் கண்ணுக்குத் தெரிகிறவை. படம் எடுக்கலாம், கலெக்டர் வரலாம். படத்தில் விழாத ஒன்று காசோலை. நம் ஊராட்சிச் சட்டப்படி பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அங்கே ஒதுக்கீடு இல்லை. காலனித் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்று தீர்மானம் போட்டாயிற்று, வேலையும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காசோலையில் தலைவர் கையெழுத்து இருக்கும், பக்கத்து இடம் வெள்ளையாக இருக்கும். துணைத்தலைவர் வெளியூர் போயிருக்கிறார், நாளை வருவார், அடுத்த வாரம் வருவார். ஒப்பந்தக்காரர் தலைவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். தலைவரால் ஒன்றுமே ஆகவில்லை என்று அவருடைய தெருவே பேசத் தொடங்கும். இரட்டைக் கையெழுத்து ஊழலைத் தடுக்க வைத்த பூட்டு. அதே பூட்டு ஒதுக்கீட்டுத் தலைவரை மடக்கவும் பயன்படுகிறது. துணைத்தலைவர் பதவிக்கும் சுழற்சியில் ஒதுக்கீடு கொண்டுவராதவரை இது தீராது என்பது என் கருத்து.

சட்டம் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்த திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவரோ உறுப்பினரோ தன் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதையும் மிரட்டுவதையும் தனிக்குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. அன்று முருகேசனுக்கு அப்படியொரு பிரிவு இல்லை. இன்று இருக்கிறது, ஆனால் புகார் கொடுத்துவிட்டு அதே ஊரில் அதே வரப்பில் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

காலனிக்காரர்கள் உண்மையில் பெற்றது என்ன என்று கேட்டால் நான் கிராம சபையைத்தான் சொல்வேன். ஒருகாலத்தில் அது நடந்ததே காலனிக்குத் தெரியாது. தெரிந்து போனாலும் ஓரமாக நின்றுவிட்டு வருவார்கள். இப்போது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு சபை. நூறு நாள் வேலைக் கூலி ஏன் இன்னும் வரவில்லை, சுடுகாட்டுப் பாதையை யார் அடைத்தது, இந்தத் தீர்மானத்தை நோட்டில் எழுதினீர்களா, வாசித்துக் காட்டுங்கள் என்று எழுந்து நின்று கேட்கிற பெண்கள் வந்துவிட்டார்கள். வாசித்துக் காட்டுங்கள் என்ற அந்தக் குரல் லேசுப்பட்டதில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் கையோடு வரவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016-க்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் இப்படித்தான் இருந்தது. மேசைக்குப் பின்னால் மறுபடி ஒரு அதிகாரி. அன்று மேசை போட்டு உட்கார்ந்தவர் மனு வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மனு போட இருக்கிறவர்கள் தேர்தல் தேதி எப்போது என்று அந்த வாசலுக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்.