ஊர் விதியும் ஊரார் செவியும்

நாட்டுக்கு அரசியலமைப்பு உண்டு, ஊருக்கு உண்டோ? அயல்நாட்டு நகரங்கள் சில, தமக்கெனச் சாசனம் வகுத்து, காலந்தோறும் அதனை மீளாராய்ந்து, குடிகளின் வாக்குப் பெற்றுத் திருத்திக்கொள்கின்றன. ஈழத்து உள்ளூராட்சி மன்றங்களுக்கு அத்தகைய தனிச் சாசனம் இல்லை. யாழ்ப்பாண மாநகர சபை 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கும், பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்துக்கும் அமைந்தே நடப்பன. தம் அமைப்பைத் தாமே மாற்ற அவற்றுக்கு உரிமையில்லை. அவற்றின் கையிலுள்ளவை உபவிதிகளே. இவற்றை ஆக்கவும் திருத்தவும் நீக்கவும் மன்றம் தீர்மானிக்கலாம். ஆயினும், மேலிடத்து அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவந்த பின்னரே அவை வலுப்பெறும்.

இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், பிரதேச சபையொன்றிற் பணியாற்றும் என் பழைய மாணாக்கர் ஒருவர் உபவிதித் திருத்த வரைவொன்றைக் கொணர்ந்தார். “எழுத்துப் பிழை மாத்திரம் பார்த்துத் தாருங்கள், ஐயா” என்றார்.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே இருத்தற்குரிய தூரம் பற்றியது அவ்வரைவு. வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாடு நமது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளூடே இறங்கித் தேங்குவதே நமக்கு நன்னீர். நீர் இறங்கும் அவ்வழியே நஞ்சும் இறங்கும். ஆதலால் அவ்விதி உயிர்காக்கும் விதி. அதிலோ, குழி இன்ன தூரத்துக்கு அப்பால் “அமைக்கப்படலாம்” என்றிருந்தது. “அமைக்கப்படல் வேண்டும்” என்றன்றோ இருத்தல் தகும்? முன்னையது இசைவு, பின்னையது விதி. விரும்பினாற் செய்க என்பதற்கும் செய்தே தீர்க என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒரு விகுதி விழுங்கிவிட்டது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த வழுவாகலாம். சிவப்பு மையாற் சுழித்துத் திருத்தி அனுப்பினேன்.

அன்றிரவு தேசவழமையின் வரலாறு நினைவுக்கு வந்தது. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் 1706ஆம் ஆண்டு விடுத்த பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் நம் நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707 சனவரியில் ஒப்படைத்தார். அத்தொகுப்பு தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனை ஆராய்ந்து, ஊர் வழக்கோடு ஒத்தது எனக் கைச்சாத்திட்டனர். பின்னர் 1806ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அப்பன்னிருவர் வழியில் யானும் ஒரு பணி செய்தேன் என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. சபையார் ஊராரை அழைத்து வரைவை வாசித்துக் காட்டினர், யானும் சென்றிருந்தேன். “வேண்டும்” என்ற சொல் கணீரென ஒலித்தபோது, பின்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார். “என்னுடையது அரைப் பரப்புக் காணி. நாற்புறமும் அயலவர் கிணறு. நீங்கள் சொல்லும் தூரத்தை அளந்தால் என் குழி வீதியில் அல்லவா விழும்?” என்று வினவினார்.

மண்டபம் அமைதியாயிற்று. சொல்லைத் திருத்திய யான் அச்சொல் எவர் தலைமீது விழும் என்று எண்ணிற்றிலேன். சிறு காணியுடையோர் அடியும் சுவரும் பூசிய, கசிவற்ற தொட்டி அமைத்தற்கும், சபையே அதனைக் காலந்தோறும் வெறுமையாக்குதற்கும் ஒரு பிரிவு சேர்க்குமாறு கூறி, வரைவைக் குழுவுக்குத் திருப்பியனுப்பினர்.

வீடு திரும்பும் வழியிலே மீண்டும் தேசவழமை நினைவுக்கு வந்தது. இம்முறை வேறு விதமாக. அந்நூலில் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி உண்டு. ஆராய்ந்த பன்னிருவருள் அடிமை எவரேனும் இருந்தனரா? பெண் ஒருத்தி இருந்தாளா? எல்லாரும் முதலியார்கள். வழக்கம் பிழையின்றி எழுதப்பட்டதோ என்று மாத்திரம் பார்த்தனர்; அது நீதியோ என வினவ வேண்டியோர் அவைக்கு வெளியே நின்றனர். ஈழத்தில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேதான். இடையிற் கழிந்தவை 137 ஆண்டுகள்!

2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதலாக உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடம் சட்டத்தால் ஒதுக்கப்பட்டுள்ளது. நன்று. எனினும், அவையில் இடம் இருப்பது ஒன்று. வரைவு வாசிக்கப்படும்போது கேட்கும் செவியும் வினவும் நாவும் அங்கு இருப்பது மற்றொன்று. ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் சபை உபவிதியைத் திருத்தும்போது சென்று கேளுங்கள். சொற்பிழையை நாம் காண்போம். பொருட்பிழையைக் காண்பவர் பின்வரிசையில் இருத்தல் கூடும். அவருக்கும் ஓர் இருக்கை இடுங்கள்.