இறுவட்டுகளின் சண்டையில் இழந்தது யார்?

திகன பகுதியில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் ஒரு மூலையில் பளபளக்கும் தட்டுகள் சில கிடக்கக் காணலாம். மகளின் திருமணம், மகனின் பாடசாலைக் கலைவிழா, ஹஜ்ஜுக்குப் போன உம்மாவை வழியனுப்பிய நாள் எல்லாம் அவற்றுக்குள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவிதான் வீட்டில் இல்லை.

அண்மையில் அயல்வீட்டுச் சகோதரி ஒருவர் இரண்டு இறுவட்டுகளுடன் வந்தார். 2003ஆம் ஆண்டு நடந்த அவருடைய நிக்காஹ் வைபவத்தின் பதிவு. அவருடைய வாப்பா மகளுக்காகக் கண்கலங்கி துஆச் செய்யும் காட்சி அதில் உண்டு. வாப்பா மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. அவர் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை. "மௌலவி, இதைப் போட்டுப் பார்க்க மத்ரஸாவில் பழைய டெக் ஒன்று இருக்கிறதா? பிள்ளைகள் அப்பாவின் குரலைக் கேட்டதே இல்லை" என்றார்.

இருபது வருடங்களுக்குள் ஒரு குடும்பத்தின் ஞாபகம் ஏன் இப்படிப் பூட்டுப்பட்டுப் போகிறது? இக்கேள்விக்கு விடை தேடினால் உலகின் பெரிய கம்பனிகள் தமக்குள் நடத்திய சண்டைகளின் கதைக்குள் போக நேரிடுகிறது.

நாடாவில் தொடங்கிய போட்டி

யப்பானின் சோனி கம்பனி 1975இல் 'பீட்டாமக்ஸ்' என்ற வீடியோ நாடாவை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அதே நாட்டின் ஜேவீசி கம்பனி 'வீஎச்எஸ்' நாடாவைக் கொண்டுவந்தது. ஒன்றின் கசட் மற்றதன் டெக்கினுள் நுழையாது. தொடக்கத்தில் பீட்டாமக்ஸில் ஒரு மணி நேரமே பதியலாம்; வீஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம் பதியலாம். ஒரு முழுப் படத்தை ஒரே கசட்டில் அடக்க முடிந்த வீஎச்எஸ் காலப்போக்கில் வென்றது.

நம் நாட்டில் 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்கள் டெக்குகளைச் சுமந்து வந்த காலமும் அதை ஒட்டியதே. அவர்கள் கொண்டுவந்தவற்றுள் பெரும்பாலானவை வீஎச்எஸ். ஆனால் மலைநாட்டின் ஈரக்காற்றில் நாடாக்களில் பூஞ்சணம் பிடித்தது. ஆகவே, தேயாத தட்டு ஒன்று வந்தபோது மக்கள் மகிழ்ந்தார்கள்.

சாமானியரின் தட்டு

அந்தத் தட்டுதான் 1993இல் அறிமுகமான வீசீடி. பாட்டுக் கேட்கும் சீடியின் அதே அளவு. அதில் சுமார் 74 நிமிடப் படத்தை அடக்கலாம். அதனால்தான் ஒரு தமிழ்ப் படம் இரண்டு, மூன்று தட்டுகளில் வந்தது. திருமண வீடியோவும் அவ்வாறே. படத்தின் தெளிவு வீஎச்எஸ் நாடாவின் அளவுதான். ஹொலிவூட் கம்பனிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சீனாவில் மலிவாகத் தயாரான பிளேயர்கள் ஆசிய நாடுகளெங்கும் பரவின. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கவனியாத வீசீடி, நம்மைப் போன்ற குடும்பங்களின் களஞ்சியமாயிற்று.

ஒரு முறை கூடிப் பேசினார்கள்

இதற்கிடையில் மேலும் தெளிவான தட்டு ஒன்றுக்காக இரு அணிகள் களத்தில் இறங்கின. சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம். தொஷிபாவும் டைம் வோர்னரும் மறுபக்கம். மீண்டும் ஒரு பீட்டாமக்ஸ் சண்டை மூளும் என்று எல்லோரும் அஞ்சினர். அப்போது ஐபிஎம் உள்ளிட்ட கணினிக் கம்பனிகள், "இரண்டு வகை வேண்டாம், ஒன்றையே தாருங்கள்" என்று அழுத்தம் கொடுத்தன.

1995 செப்டெம்பரில் இரு அணியினரும் உடன்பட்டனர். மெல்லிய இரு தகடுகளை ஒட்டிச் செய்யும் தொஷிபா அணியின் தட்டமைப்பு ஏற்கப்பட்டது. தட்டில் தரவுகளைக் குறித்து எழுதும் முறை சோனி, பிலிப்ஸ் அணியிடமிருந்து எடுக்கப்பட்டது. இரு சாராரும் ஏதோ ஒன்றைப் பெற்றனர். ஏதோ ஒன்றை விட்டனர். அந்த மஷூராவின் பலன்தான் டீவீடி. 1996 நவம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்த அது, ஒரு சீடியைப் போல் ஏழு மடங்கு கொள்ளும். எந்தக் கம்பனியின் பிளேயரிலும் அது ஓடியது.

எனினும் மனிதனின் போட்டி மனம் சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே பதிவு செய்யும் வெற்று டீவீடி வந்தபோது 'மைனஸ்' என்றும் 'பிளஸ்' என்றும் இரண்டு வகைகள் கிளம்பின. ஸ்டூடியோக்காரர் எதில் பதிந்து கொடுத்தாரோ, அது நம் வீட்டுப் பிளேயரில் ஓடினாலும் ஓடும், ஓடாமலும் போகும். இரண்டையும் ஏற்கும் கருவிகள் வந்த பின்னரே அந்தத் தொல்லை தணிந்தது.

நீல ஒளியின் சண்டை

தட்டிலுள்ள நுண்ணிய பள்ளங்களை ஒரு லேசர் ஒளிக்கற்றை வாசிக்கிறது. சீடிக்கு 780 நனோமீற்றர் அலைநீளம், டீவீடிக்கு 650. நீல ஊதா ஒளியில் அது 405 ஆகக் குறைந்தது. எழுதுகோலின் முனை கூராகக் கூர ஒரே பலகையில் அதிகம் எழுதலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

2002 பெப்ரவரி 19ஆம் திகதி சோனி உட்பட ஒன்பது கம்பனிகள் 'புளூ ரே' என்ற தட்டை அறிவித்தன. தொஷிபாவும் என்ஈசியும் 'எச்டி டீவீடி' என்ற மற்றொன்றை முன்வைத்தன. எச்டி டீவீடியின் ஓர் அடுக்கில் 15 கிகாபைற். பழைய டீவீடித் தொழிற்சாலைகளைச் சிறிது மாற்றியே அதைத் தயாரிக்கலாம். புளூ ரேயின் ஓர் அடுக்கில் 25 கிகாபைற். ஆனால் புதிய இயந்திரங்கள் வேண்டும். இரண்டையும் இணைக்க 2005இல் நடந்த பேச்சு முறிந்தது. பத்து வருடங்களுக்கு முன் விட்டுக்கொடுத்தவர்கள் இம்முறை விட்டுக்கொடுக்கவில்லை.

2006இல் இரண்டும் கடைக்கு வந்தன. அமெரிக்காவில் தொஷிபாவின் முதல் பிளேயர் சுமார் 500 டொலர். சம்சுங்கின் முதல் புளூ ரே பிளேயர் சுமார் 1000 டொலர். யூனிவர்சல் ஒரு பக்கம் நின்றது; டிஸ்னியும் பொக்ஸும் மறுபக்கம் நின்றன. சோனி தனது பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியிலேயே புளூ ரேயை வைத்து, பிள்ளைகளின் வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது. இரு பக்கமும் படம் கொடுத்துவந்த வோர்னர் கம்பனி 2008 ஜனவரி 4ஆம் திகதி புளூ ரேயோடு மட்டும் நிற்பதாக அறிவித்தது. ஆறே வாரங்களில், 2008 பெப்ரவரி 19ஆம் திகதி, தொஷிபா போட்டியைக் கைவிட்டது. புளூ ரே அறிவிக்கப்பட்டுச் சரியாக ஆறு வருடங்கள்!

தோற்ற கருவியைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கையைப் பிசைந்தனர். வென்றவருக்கும் நீண்ட வாழ்வு கிட்டவில்லை. சண்டை உச்சத்திலிருந்த 2007இலேயே நெட்பிளிக்ஸ் கம்பனி இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கிவிட்டது. பதிவு செய்யும் புளூ ரே தட்டுகளின் தயாரிப்பைச் சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. வென்ற தட்டும் தோற்ற தட்டும் இன்று ஒரே அலுமாரியில் தூசு படிந்து கிடக்கின்றன.

நாம் செய்ய வேண்டியது

கம்பனிகளுக்கு இலாபமும் நட்டமும் கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடும். ஒரு வாப்பாவின் குரலுக்கு எந்தக் கம்பனியும் பொறுப்பல்ல. அதன் அமானிதம் குடும்பத்தவரின் கையில்தான் இருக்கிறது.

நமது சகோதரியின் கதைக்கு வருவோம். கணினியோடு வெளியிலிருந்து பொருத்தும் டீவீடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினோம். மென்மையான பருத்தித் துணியால் தட்டை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைத்தோம். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும். முதல் தட்டு முழுமையாகப் பிரதியானது. இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. வாப்பாவின் துஆ முதல் தட்டில் இருந்தது. அதைக் கேட்டதும் அந்தச் சகோதரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டாவது தட்டில் இருந்தவை திரும்பக் கிடைக்கவில்லை.

வீட்டில் பதியும் தட்டுகளில் ஒருவகைச் சாயப் பூச்சு உண்டு. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை மெல்ல அழிக்கின்றன. ஆகவே நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த விடுமுறையில் அலுமாரியைத் திறந்து, எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். மூத்தவர்களின் குரல் உள்ளவற்றை முதலில் பிரதி செய்யுங்கள். ஒரு பிரதியை வீட்டிலும் மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். 2018 மார்ச்சில் திகனவில் வீடுகளும் கடைகளும் எரிந்ததைக் கண்ட நமக்கு, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதன் ஆபத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் படங்களும் ஒரு நாள் இதே கதிக்கு ஆளாகலாம். ஐந்து வருடங்களுக்கு ஒரு முறையேனும் அவற்றைப் புதிய இடத்துக்கு மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். பிரதி செய்யும்போது பக்கத்தில் அமர்ந்து, படத்தில் இருப்பவர் யார், என்ன முறை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.