காளஹஸ்திக் கருமையும் எலக்ட்ரான்களும்

சுவர்ணமுகி ஆற்றங்கரையிலுள்ள காளஹஸ்தியில், கலம்காரி ஓவியர்கள் மூங்கில் எழுதுகோலால் துணியில் வரையும் கருங்கோடு, இரும்பு எலக்ட்ரான்களை இழப்பதால் விளைவதாகும்.

இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாட்கள் ஊறவைப்பர். வெல்லநீர் புளித்து அமிலமாகிறது. இரும்பின் அணுவில் 26 எலக்ட்ரான்கள் உள்ளன. அமிலத்தில் அது இரண்டை இழந்து, நேர்மின்னேற்றமுடைய அயனியாகக் கரைகிறது. அவற்றை ஏற்கும் ஹைட்ரஜன் அயனிகள் வாயுவாகின்றன. ஒன்று இழப்பதை மற்றொன்று பெற்றே தீரவேண்டும்.

இக்கரைசல் தனியே கருமை தருவதில்லை. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில் இது பட்டதும், காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பிடமிருந்து மூன்றாவது எலக்ட்ரானையும் கவர்கிறது. கடுக்காயிலுள்ள டானின், தன் ஆக்சிஜன் அணுக்களின் எலக்ட்ரான் இணைகளை அவ்வயனியுடன் பகிர்ந்து பிணைகிறது. இவ்வாறு உண்டாகும் கருஞ்சேர்மம் நீரில் கரையாது. ஆதலின் சலவையிலும் நிலைக்கிறது.

எனினும் எஞ்சிய அமிலமும் இரும்பும் காலப்போக்கில் நூலை அரிக்கும். பழந்துணிகளில் கருங்கோடுகள் முதலில் இற்றுப்போவது இதனாலேயே. ஆகவே துணியை நன்கு அலசுதல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் இரும்பாணியைக் காடியில் சில நாட்கள் ஊறவைத்து, அந்நீரைக் கடுக்காய்க் கஷாயத்தில் சொட்டவிட்டுக் காட்டலாம். எலக்ட்ரான் இழப்பின் விளைவை மாணவர் கண்ணாரக் காண்பர்.